கடைசியா என்ன போட்டீக?

அவரிடம் மாட்டைக் கொண்டு போனால் மாட்டைப் பார்க்க மாட்டார். நம்மைத்தான் பார்ப்பார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "கடைசியா என்ன போட்டீக?" என்பார். மாடு வாயில் நுரை தள்ளிக்கொண்டு நிற்கும். கொண்டு வந்தவன் பதறிக்கொண்டு நிற்பான். ஒழுங்கான பதில் வரும்வரை அந்தக் கைகள் முன்னால் வரவே வராது.

எழுபதுகளின் பின்பாதியில் சின்னமனூரில் மாட்டு டாக்டராக இருந்தார். பூர்வீகம் போடி. கடைவீதியில் மளிகை வியாபாரம் செய்த கிறிஸ்தவக் குடும்பம். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபோது இவர் மட்டும் மாட்டு வைத்தியம் படிக்கப் போனார். காக்கிச் சட்டை. பையில் நூல் கட்டிய தெர்மாமீட்டர். கிட்டப் போனால் பினாயில் வாசம். பெயர் சொல்லி யாரும் அவரைக் குறிப்பிட்டதில்லை. எங்கள் ஓடைப்பட்டியில் 'கேள்வி டாக்டரு' என்றால் குழந்தைக்கும் தெரியும்.

கேள்வி என்றால் சாதாரணக் கேள்வியா? போலீஸ்காரன் தோற்றுப் போவான். என்ன தின்றது, எப்போது தின்றது, யார் போட்டது, போட்டவன் எங்கே, சாணி எந்த நிறம், நேற்று புதிதாக என்ன செய்தீர்கள். மாட்டுக்காரர்கள் எல்லோரும் கடைசிக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்வார்கள். "ஒண்ணும் செய்யலையே." உடனே அவர் உதட்டைச் சுழிப்பார்.

"மாடு பொய் சொல்லாது. மாட்டுக்காரகதான் சொல்வாக."

டீக்கடையில்கூட இந்தக் குணம் போகாது. ஒரு தடவை டீயை ஒரு வாய் குடித்துவிட்டு கிளாசைக் கீழே வைத்தார். மாஸ்டரைக் கூப்பிட்டு, "இன்னைக்கு வடிதுணிய எதுல அலசுன?" என்றார். மாஸ்டர் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சாதித்தான். கடைசியில் வெங்காயம் அலசிய வாளித் தண்ணீர் என்று தெரிந்தது. அவர் கோபப்படவே இல்லை. காரணம் தெரிந்த திருப்தியில் அதே டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். என்ன மனுஷன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

என் அப்பாவுக்கு வந்தது எரிச்சல் இல்லை, பகை. ஒரு வருஷம் எங்கள் காளைக்குத் தோளில் வீக்கம். அப்பாதான் ஓட்டிப் போனார். மருந்தகத்து வாசலில் நாலு ஊர் ஆட்கள் நிற்கிறார்கள். "புதுசா என்ன செஞ்சீக?" என்று இவர் கேட்க, "ஒண்ணும் செய்யல" என்று அப்பா சொல்ல, இவர் குனிந்து காளையின் தோளை முகர்ந்து பார்த்தார். மஞ்சளை அப்பி மறைத்திருந்த சூட்டுத் தழும்பு தெரிந்துவிட்டது. வீக்கத்துக்குச் சூடு போடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். "சூடு போட்டவரு ஒண்ணும் செய்யலைங்காரு!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். வைத்தியம் முடிந்ததும் காளையை ஓட்டிக்கொண்டு வந்த அப்பா, வீட்டுக்குள் நுழையும்போது, "இனிமே அந்தாளு மூஞ்சில முழிச்சா என்னைய என்னன்னு கேளு" என்றார்.

அப்படிச் சொன்ன அப்பாவேதான் மறு வருஷம் அவரைக் கூட்டிவர என்னை அனுப்பினார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள். எங்கள் கறவை மாடு செவலை காலையிலிருந்தே சரியில்லை. தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை. மத்தியானம் இடது வயிறு உப்ப ஆரம்பித்தது. படுத்த மாடு எழுந்திருக்க மறுத்தது. அந்த வருஷம் எங்கள் திராட்சைத் தோட்டம் அடைமழையில் பூவிலேயே கருகிப் போயிருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது செவலையின் பாலில்தான். அது போனால் நாங்கள் என்ன செய்வது என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"கயித்த அத்துக்கிட்டு எவன் சோளத்துலயோ வாய வச்சிருக்கு" என்றார் அப்பா. "போயி அந்தாளக் கூட்டியா. சோளப் பயிரு தின்னுருச்சின்னு சொல்லு."

இளம் சோளப் பயிர் விஷம் என்பது எங்களுக்குத் தெரியும். சைக்கிளை மிதித்த மிதியில் பெடல் தெறித்துவிடும் போலிருந்தது. விடுமுறை நாளானாலும் டாக்டர் வீட்டில்தான் இருந்தார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் கை பின்னால் போனது.

"சோளம் தின்னத நீ பாத்தியா?"

"அப்பா சொன்னாக சார்."

"அவுக பாத்தாகளா?"

"சார், மாடு சாகக் கெடக்கு சார்!"

"காலைல சோளம் தின்ன மாடு இந்நேரம் வரைக்கும் தாங்குதா? ஒட்டலையே தம்பி" என்றார். ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சைக்கிளை அவர் வீட்டு வாசலில் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினேன்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேகமலை எஸ்டேட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனது. எனக்கு மூத்தது. சத்தம் முன்னால் வரும், வண்டி பின்னால் வரும். அதை அவர் மெக்கானிக்கிடம் விட்டு நான் பார்த்ததில்லை. எது கெட்டாலும் அவரே பிரித்து அவரே பூட்டுவார். அன்றைக்கு அதன் ஹேண்டில்பாரில் வதங்கின செவ்வந்திச் சரம் தொங்கியது. அவருக்கு உதவியாக இருந்த ஆள் முந்தின நாள் கத்தி, கத்தரிக்கோல், ஊசி எல்லாவற்றுக்கும் பூஜை போட்டபோது வண்டியையும் விடவில்லை. இவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் அந்த ஆளின் ஆசையைத் தடுத்ததில்லை.

ஊரை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் வந்திருப்போம். வண்டி இரண்டு தடவை இருமியது. அப்படியே நின்றுவிட்டது.

உதைத்தார். மறுபடி உதைத்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பார்த்து மூடினார். இவ்வளவும் நிதானமாக. நான் பக்கத்தில் நின்று காட்டுக் கத்தலாகக் கத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு உதை, கிளம்பிவிட்டது.

"பிளக்குதான் போல" என்றார். ஆனால் அந்தக் குரலில் திருப்தி இல்லை.

சீப்பாலக்கோட்டை தாண்டி, இரண்டு பக்கமும் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மறுபடி அதே இருமல். நின்றது. மேகமலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸும் இல்லை, மாட்டு வண்டியும் இல்லை. பிளக்கை மறுபடி கழற்றினார். காய்ந்து சுத்தமாக இருந்தது. நெருப்பும் நன்றாக வந்தது.

"தள்ளிப் பாப்போம் சார்."

தள்ளினோம். வேர்த்து விறுவிறுத்துத் தள்ளினோம். ஒரு தடவை செருமிவிட்டு அடங்கிவிட்டது.

"சார், நடந்தே போயிருவோம். பைய நான் தூக்கிக்கிறேன்."

"என் முழங்காலுக்கு நடந்து போய்ச் சேர இருட்டிரும். அது வரைக்கும் உன் மாடு இருக்காது" என்றார்.

சொல்லிவிட்டு அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? வண்டிக்கு எதிரே நின்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கல்லை எடுத்து வயலுக்குள் வீசினேன். அவர் மேல் வீசாமல் விட்டது அவர் பாக்கியம்.

"தம்பி, நானே கேட்டு நானே பதில் சொன்னா சரிப்படாது. நீ கேளு. இந்த வண்டிக்கு நான்தான் மாட்டுக்காரன்."

"வெளையாடுற நேரமா சார் இது?"

"வெளையாட்டில்ல. கேளு. நான் எப்பிடிக் கேப்பேனோ அப்பிடிக் கேளு."

ஆத்திரத்தில் அவர் குரலிலேயே கேட்டேன். "கடைசியா என்ன போட்டீக?"

"பெட்ரோலு. நாலஞ்சு நாளாச்சு. அதுக்கப்புறமும் நல்லாத்தான் ஓடுச்சு."

"எப்பயிருந்து இப்பிடி?"

"இன்னைக்குத்தான்."

"மொத நின்னப்ப என்ன செஞ்சதும் எந்திரிச்சிச்சு?"

"பிளக்கத் தொடச்சேன். மூடியத் திறந்து பாத்தேன். மூடுனேன். ஒதைச்சேன்."

"நேத்து புதுசா என்ன செஞ்சீக?"

"ஒண்ணும் செய்யலையே. நேத்து வண்டிய வெளியவே எடுக்கல."

அவர் அதைச் சொன்ன விதத்தில் நான் திடுக்கிட்டுப் போனேன். மருந்தக வாசலில் ஒவ்வொரு மாட்டுக்காரனும் சொல்வானே, கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் கோபமாக, அதே குரல். ஹெட்லைட்டில் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பியிருக்கிறது. சரம் காற்றில் ஆடுகிறது. கண்ணுக்கு முன்னால் இவ்வளவு இருக்க, ஒன்றும் செய்யவில்லையாம்.

"அப்ப இதெல்லாம் என்ன சார்?" என்று சரத்தைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன்.

"அட, அது பூஜைக்கு நம்மாளு வச்சது. ஆசைக்கு வச்சான். அதையெல்லாமா போயி..."

பேச்சு பாதியில் நின்றது. பார்வை சரத்திலிருந்து இறங்கி பெட்ரோல் டேங்குக்கு வந்தது. டேங்க் மூடியின் நட்டநடுவில் எலுமிச்சம்பழ அளவு சந்தனம், அதற்கு மேல் குங்குமம். வெயிலில் காய்ந்து காரை மாதிரி இறுகிக் கிடந்தது. அந்த ஆள் மற்ற இடத்தில் எல்லாம் சிக்கனமாக வைத்துவிட்டு, எண்ணெய் குடிக்கும் வாய் என்று அங்கே மட்டும் தாராளமாக அப்பியிருக்கிறார்.

டாக்டரின் கைகள் முன்னால் வந்துவிட்டன.

"இங்கன வா. காதக் கிட்ட வையி. வாயத் திறக்காத."

மூடியை மெல்லத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். வெளியே வரும் காற்று இல்லை, உள்ளே இழுக்கும் காற்று.

"கேட்டியா? மொதத் தடவையும் இந்தச் சத்தம் வந்திருக்கும். நீ கத்துன கத்துல காதுல விழல. இந்த மூடில ஒரு சின்ன ஓட்டை உண்டு தம்பி. பெட்ரோலு கீழ எறங்க எறங்க, அது வழியா காத்து உள்ள போகணும். காத்துப் போகலைன்னா பெட்ரோலு எறங்காது. நான் மூடியத் திறந்ததும் காத்துப் போச்சு, வண்டி ஓடுச்சு. உள்ள போன காத்து தீந்ததும் நின்னு போச்சு. நான் என்னடான்னா பிளக்கப் பிடிச்சுத் தொங்குறேன்."

பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்தார். சந்தனத்தைச் சுரண்டி, ஓட்டையைத் தேடி, ஊசியை விட்டுக் குடைந்தார். வாயால் ஊதிப் பார்த்தார். மூடியைப் பூட்டி உதைத்தார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. எனக்குப் போன உயிர் வந்தது.

அவரோ ஏறாமல் நின்றார். "நான் பொய் சொல்லல தம்பி. சத்தியமா ஒண்ணும் செய்யலைன்னுதான் நெனச்சேன். கண்ணு முன்னால இருக்கு, தெரியல. ஆசையாச் செஞ்சத எவனும் செஞ்சதா நெனைக்கவே மாட்டான் போல."

"சார், ஏறுங்க சார்!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செவலை கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. இடது வயிறு முதுகெலும்புக்கு மேலே எழும்பி நின்றது. நாக்கு வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். அம்மா அதன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அப்பா தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் இறங்கியதும், வா என்றுகூடச் சொல்லவில்லை.

"சோளத்துல வாய வச்சிருச்சு" என்றார், அவர் கேட்பதற்கு முன்னாலேயே.

டாக்டரின் கைகள் பின்னால் போயின. அப்பாவின் முகம் இறுகியது. இன்றைக்கும் 'மாடு பொய் சொல்லாது' என்று சொல்லப் போகிறார், அப்பா வெளியே போகச் சொல்லப் போகிறார், இரண்டு பேருக்கும் நடுவில் மாடு சாகப் போகிறது என்று நினைத்தேன்.

அவர் சொல்லவில்லை. பாதி வழியில் கைகள் திரும்பி வந்தன. செவலையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் காதைத் தொட்டுப் பார்த்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அய்யா, வார வழில என் வண்டி நின்னு போச்சு. புதுசா என்ன செஞ்சீகன்னு உங்க மகன் கேட்டாரு. ஒண்ணும் செய்யலைன்னேன். பூஜைக்கு வச்ச சந்தனம் மூடி ஓட்டைய அடச்சுக்கிட்டுக் கெடக்கு, நான் ஒண்ணும் செய்யலைங்கிறேன். இத்தன வருஷமா எல்லாரையும் பொய் சொல்றாகன்னு ஏசுனவன், இன்னைக்கு நடுரோட்டுல நானே சொன்னேன்."

அப்பா தூணை விடவில்லை.

"சோளம்னா ஒரு ஊசி இருக்கு. வேற எதுவும் தின்னிருந்தா வேற மருந்து. ரெண்டுல ஒண்ணத்தான் மொதல்ல செய்ய முடியும். மாத்திச் செஞ்சா நேரம் போயிரும், மாடும் போயிரும். யாரு போட்டான்னு நான் கேக்கல. என்ன உள்ள போச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

செவலை ஒரு முறை காலை உதறியது. அம்மா "ஆத்தா!" என்று அலறினாள்.

"நான்தான்" என்றார் அப்பா.

எனக்கு அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"ரைஸ்மில்லு பூஜைல சக்கரைப் பொங்கலு மிஞ்சிப் போச்சின்னு ஒரு வாளி குடுத்தாக. நம்ம வீட்டுல அம்புட்டுத் திங்க ஆளில்ல. வருஷம் பூராம் நம்மளுக்கு ஊத்துதே, அதுவும் ஒரு நா திங்கட்டும்னு... ராத்திரி வச்சேன். நக்கி நக்கித் தின்னுச்சு. ஒரு பருக்கை விடல." தூணை விட்டார். "சோளமெல்லாம் இல்ல டாக்டரு. மகன் முன்னால சொல்ல வாய் வரல."

என் அப்பா ஒரு தப்பை ஒத்துக்கொண்டு நான் அதுவரை கேட்டதில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பரிதாபம் வந்தது. டாக்டர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கைகள் பறந்தன. தடித்த ஊசியை எடுத்து, விலாவுக்குப் பின்னால் உப்பிய மேட்டில் இடம் பார்த்து, ஒரே குத்து. உஸ்ஸென்று காற்று பீறிட்டது. சோறு புளித்த நாற்றம் தொழுவம் முழுக்க அடித்தது. எனக்கு அந்த நாற்றம் அன்றைக்கு ஊதுபத்தி வாசம்.

"தலையப் பிடிங்க அய்யா" என்றார். அப்பா ஓடிப் போய் மடியில் ஏந்திக்கொண்டார். சோடா உப்பைக் கரைத்துக் குழாய் வழியாக உள்ளே விட்டார்கள். வயிறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தண்ணீர் மட்டும் காட்டவே கூடாது என்றார். அசை போடும் வரை சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு பேரும் மாட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராகச் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். விடியும்வரை என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அநேகமாக ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள்.

காலையில் நான் எழுந்து போனபோது செவலை நின்றுகொண்டிருந்தது. தாடை மெதுவாக இடமும் வலமும் அசைந்தது. அம்மா ஓடிப் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் முகம் கழுவி, கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு வண்டியிடம் போனார். உதைத்தார். வரவில்லை. மறுபடி உதைத்தார். குனிந்து டேங்க் மூடியைப் பார்த்தார். ஓட்டை திறந்துதான் இருந்தது. சட்டை நனையும்வரை உதைத்தார். நான் பிளக்கைக் கழற்றவா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். முகத்தில் அவமானம் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது அப்பா தொழுவத்திலிருந்து வெளியே வந்தார். மெதுவாக நடந்து வண்டிக்கு எதிரே போய் நின்றார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

"கடைசியா என்ன செஞ்சீக?"

ஐயோ, வந்ததடா வினை என்று நினைத்தேன். டாக்டர் அப்பாவையே பார்த்தார். வாய் திறந்தது. ஒண்ணும் செய்யலையே என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதை விழுங்கினார். குனிந்து டேங்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். பெட்ரோல் குழாய் மூடியிருந்தது. ராத்திரி தங்குவதென்று முடிவானதும், ஒழுகக் கூடாதே என்று அவரே வந்து மூடியிருக்கிறார்.

நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, "நான்தான்" என்றார்.